மூன்றாம் ஓலையும் ஒரு முன்பல்லும்

என் கிளினிக்கில் நோயாளிகளின் அட்டைகளை இன்னும் கையால்தான் எழுதுகிறேன். அடுத்த வருகைக்கென்று அட்டையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் தேதி மட்டுமே எழுதுவது வழக்கம். ஒரே ஓர் அட்டையில் மட்டும் அந்தக் கட்டத்துக்குள் 'மூன்றாம் ஓலைக்குப் பிறகு' என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். எழுதியபோது எனக்குள் சிறியதொரு மகிழ்ச்சி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மகிழ்ச்சிதான் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் காரணம்.

மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து தாராவிப் பக்கம் போகும் சாலையில் கிளினிக் இருக்கிறது. காலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் மாட்டுங்காக்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், தங்கள் பற்களைப் பற்றித் தாங்களே படித்துவிட்டு வருகிறவர்கள். மாலையில் தாராவியிலிருந்து வருவார்கள். வேலை முடிந்து, வலி பொறுக்க முடியாமல் போன பிறகு. அவள் மாலையில் வந்தவள். ஆனால் வலி எதுவும் இல்லாமல் வந்தாள்.

பொங்கல் கழிந்த வாரம் அது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வாஷியில் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. தமிழும் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் அவள் வாயில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருந்தன. ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக்கூட விழுங்காத குரல். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நான் அவள் முகத்தைப் பார்த்தபோது, பாதி முகம்தான் தெரிந்தது. பேசத் தொடங்கிய உடனே வலது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டிருந்தது.

"கைய எடுட்டி. டாக்டரம்மா உன் கையவா பாக்கப் போறாவ?" என்றார் கூட வந்திருந்த அவளுடைய அம்மா.

கையை எடுத்தாள். மேல்வரிசை முன்பற்களில் ஒன்றின் ஓரம் உடைந்து, எப்போதோ வைத்த ஃபில்லிங்கோடு இருந்தது. அந்த ஃபில்லிங் டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தது. வீட்டுக்குள் மேல்தட்டுக்கு ஏறுகிற இரும்பு ஏணியிலிருந்து எட்டு வயதில் விழுந்திருக்கிறாள். ஃபில்லிங் வைத்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு, பதினைந்து வருடம் முன்னால். பார்வைக்கு மோசமாக இருந்தாலும், ஊசிமுனையால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தபோது அது பிடிவாதமாக நின்றது. யாரோ பொறுமையாகச் செய்த வேலை.

"ரெண்டு வருஷம் எல்லாரும் மாஸ்க் போட்டோம்லா, டாக்டரக்கா, அப்பத்தான் நான் நல்லா சிரிச்சேன்," என்றாள். "ட்ரெயின்லகூட சிரிச்சேன்."

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பத்தொரு வயது, பஹ்ரைனில் ஏசி பராமரிக்கும் வேலை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எட்டு மாதமாக வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். வீடியோவிலும் கை வாயை விட்டு இறங்கியதில்லை.

"மத்ததெல்லாம் சமாளிச்சுருவேன் அக்கா. போட்டோவுக்கு வாய மூடிக்கிடலாம். ஆனா கோயில்ல உடன்படிக்கை சொல்லும்போது அவிய என் வலது கையப் பிடிச்சிருப்பாவ. இடது கையில பூச்செண்டு. பாஸ்டர் ஐயா சொல்லச் சொல்ல நான் சத்தமா திருப்பிச் சொல்லணும். அந்த நேரம் வாய மறைக்க எனக்குக் கை கிடையாது."

"மூணாவது கைக்கு எங்க போவ? அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்," என்றார் அம்மா.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணங்களுக்காக முன்பல்லைச் சரிசெய்யக் கேட்டிருக்கிறார்கள். தனக்கு வேண்டியது இத்தனை நிமிடம்தான், இன்ன இடத்தில்தான் என்று இவ்வளவு துல்லியமாகக் கேட்டவர் வேறு எவருமில்லை.

ஃபில்லிங்கை மாற்றும்போதே பற்களை வெளுப்பாக்கிக்கொள்ளவும் அவள் விரும்பினாள். அதில் ஒரு வரிசைமுறை இருக்கிறது. வெளுப்பாக்கும் ஜெல் பல்லைத்தான் வெளுப்பாக்கும். ஃபில்லிங்கின் நிறத்தை அதனால் மாற்ற முடியாது. எனவே முதலில் பற்களை வெளுப்பாக்கி, வந்து நிற்கிற நிறத்துக்குப் பொருத்தமாகப் புது ஃபில்லிங் வைக்க வேண்டும். ஆனால் வெளுப்பாக்கிய கையோடு வைத்துவிடக் கூடாது. அந்த ஜெல் வேலை செய்வது ஆக்ஸிஜனால். எனாமலுக்குள் புகுந்து கறையைக் கரைத்த பிறகும் அந்த ஆக்ஸிஜன் உடனே வெளியேறிவிடுவதில்லை. சில நாட்கள் உள்ளேயே தங்கி, மெல்ல மெல்லத்தான் போகும். ஃபில்லிங்கைப் பல்லோடு பிணைக்கும் பசையோ நீல விளக்கின் ஒளியில் இறுக வேண்டிய பொருள். ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் அது முழுதாக இறுகாது. மேலே பார்த்தால் அழகாக இருக்கும். அடியில் பிடிப்பு இருக்காது. அதனால் ஜெல்லை நிறுத்தி இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும்.

இதை நான் சொல்லி முடிக்குமுன்பே அவள் தலையாட்டினாள். அவளுடைய அண்ணன் தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

"சொல்யூஷன் தடவின உடனே ரெக்ஸின ஒட்டக் கூடாது. கொஞ்ச நேரம் ஆறப் போடணும். அவசரப்பட்டு ஒட்டுனா கஸ்டமர் கைக்குப் போனதும் பிரிஞ்சுரும். அதானே?"

முற்றிலும் அதுவல்ல, ஆனால் அவள் பிடிக்க வேண்டியதைப் பிடித்துவிட்டாள். அதுதான் என்றேன்.

நோயாளிகளிடம் 'இரண்டு வாரம்' என்று சொன்னால் அது பத்து நாளாகிவிடும் என்பது என் அனுபவம். ஆகவே அவரவர் வாழ்க்கையில் தவறவிடாத ஒன்றோடு கணக்கை முடிந்துவைப்பேன். மாட்டுங்கா மாமிகளிடம் 'இந்த ஏகாதசிக்கு நிறுத்திட்டு அடுத்த ஏகாதசிக்கு வாங்கோ' என்று சொன்னால் ஒரு நாள் பிசகாது. இவளிடம் எதைச் சொல்வது என்று நான் யோசித்தபோது, அம்மாதான் ஓலையைப் பற்றிச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில் பெண், மாப்பிள்ளை பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். இவர்கள் சேருவதற்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். மூன்றாம் ஓலை வாசித்த அந்த வாரத்திலேயே கல்யாணம்.

முதல் ஞாயிற்றுக்கும் மூன்றாம் ஞாயிற்றுக்கும் இடையே சரியாகப் பதினான்கு நாள். எனக்கு வேண்டிய பதினான்கு நாளை யாரோ முன்பே அளந்துவைத்திருந்ததுபோல் இருந்தது.

"ரெண்டு வாரத்துக்கு தினம் ராத்திரி இந்த ட்ரேல ஜெல் போட்டுப் பல்லுல மாட்டிக்கோங்கோ. முதல் ஓலைக்கு முந்தின நாள் நிறுத்திடுங்கோ. மூணாவது ஓலை வாசிச்சப்பறம் இங்க வாங்கோ. அதுவரைக்கும் பழைய ஃபில்லிங் அப்படியே இருக்கட்டும்."

"இது நல்லாருக்கு. தேதி சொன்னா இவ மறந்துருவா. ஓலைய மறந்தா கல்யாணமே கிடையாது," என்றார் அம்மா.

அட்டையின் கட்டத்தில் அதை அப்படியே எழுதினேன். வேறு ஒருவருடைய வாழ்க்கையின் சொல்லை எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டோம் என்ற திருப்தி. அந்தச் சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஐந்து நிமிடம் முன்னால் கேட்டது மட்டுமே என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வாரங்களுக்குச் சற்று அதிகமாகப் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அம்மாவும் மகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று என் உதவியாளர் விடுப்பில் இருந்தார். ஒரு பெரியவரின் கடைவாய்ப் பல் வர மறுத்து ஒரு மணி நேரத்தைத் தின்றிருந்தது. வெளியே இன்னும் ஐந்து பேர். அவள் நாற்காலியில் சாய்ந்தாள். அட்டையை எடுத்தேன். கட்டத்தில் தேதி இருந்திருந்தால் என் கண் அதையும் அன்றைய தேதியையும் ஒப்பிட்டிருக்கும். அங்கே தேதி இல்லை. எழுதியிருந்ததை நான் கேள்வியாக மாற்றினேன்.

"மூணு ஓலையும் வாசிச்சாச்சா?"

"ஆச்சு டாக்டரக்கா."

அவள் சொன்னது உண்மை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட நிம்மதியில் நான் வேலையைத் தொடங்கினேன். பதினைந்து வருடம் நின்ற ஃபில்லிங்கைச் சிறிது சிறிதாக அரைத்து எடுத்தேன். அது எளிதில் வரவில்லை. பிறகு அமிலம் தடவிக் கழுவி, பசை தடவி, நிறம் பார்த்து அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கைக் காட்டி, மெருகு போட்டேன். கண்ணாடியைக் கொடுத்தபோது அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"எந்தப் பல்லுன்னே தெரியல," என்றார். "அப்ப சரி."

வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. ஒரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்காத அந்தக் குரல், "டாக்டரக்கா, விழுந்துட்டு," என்று மட்டும் சொல்லி நின்றது.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தார்கள். ஃபில்லிங்கை ஒரு டிஷ்யூ காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தாள். கை மறுபடி வாய்க்கு ஏறியிருந்தது. இந்த முறை அம்மா அதை எடுக்கச் சொல்லவில்லை.

"என் தப்புதான் அக்கா. முன்பல்லுல எதையும் கடிக்காதேன்னு சொன்னிய. யோசிக்காம கடிச்சிட்டேன்."

"என்னத்தக் கடிச்சா, கேளுங்க," என்றார் அம்மா. "முறுக்கா? சீடையா? இட்லி. தாராவியிலேயிருந்து பம்பாய் பூராவும் இட்லி போவுது. இட்லி தின்னு பல்லு விழுந்த ஒரே ஆளு எம்மவதான்."

துண்டை விளக்கின் கீழே திருப்பிப் பார்த்தேன். உடைந்த ஃபில்லிங் என்றால் பாதி பல்லில் ஒட்டியிருக்கும், பாதி கையில் வரும். இது முழுதாக வந்திருந்தது. பல்லோடு சேர்ந்திருக்க வேண்டிய உள்பக்கம், எதையுமே தொடாததுபோல் வழவழவென்று மின்னியது. கடித்ததால் விழுந்ததல்ல. அது முதலிலிருந்தே ஒட்டவில்லை.

அந்த நேரத்தில் எனக்குள் வந்த முதல் எண்ணம் நல்ல எண்ணமல்ல. அவளே தன் தப்பு என்று சொல்லிவிட்டாள். அதை அப்படியே விட்டுவிட எதுவும் தடையில்லை. சில நொடிகள் அந்த எண்ணத்தோடு நான் இருந்தேன். பிறகுதான், நான்கு நாள் முன்பு கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஜெல்லை எப்ப நிறுத்தினேள்?"

"போன சனிக்கிழமை. நீங்க சொன்ன மாதிரி முதல் ஓலைக்கு முந்தின நாளு."

"அப்படின்னா முதல் ஓலை?"

"போன ஞாயித்துக்கிழமை."

"ரெண்டாவது, மூணாவது?"

"அதுவும் அன்னைக்குத்தான்."

பஹ்ரைனில் மாப்பிள்ளையின் விடுப்பைக் குறைத்துவிட்டார்கள். தள்ளிப்போடலாம் என்றால் தவக்காலம் தொடங்கிவிடும். அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குப் பிறகு அவருக்கு எப்போது விடுப்புக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கல்யாணத்தை முன்னால் இழுத்து, வரும் திங்கட்கிழமைக்கு வைத்திருந்தார்கள். மூன்று ஓலைகளையும் ஒரே ஆராதனையில் வாசித்து முடித்திருந்தார்கள்.

"மூணையும் ஒரே நாள்ல வாசிக்கலாமா?"

"அவசரம்னா பெர்மிஷன் வாங்கி வாசிப்பாவளே," என்றார் அம்மா. "எங்க ஆளுவள்ல பாதிப்பேரு கல்ஃப்புல இருக்காவ. லீவு கிடைக்கிற நாளுதான் முகூர்த்தம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுல்லா நெனச்சோம். ஓலைக் கணக்கு சொன்னதே நீங்கதான்."

நான் பதினான்கு நாள் என்று நம்பி வேலை செய்தது மூன்றாம் நாளில். எனாமலுக்குள் ஆக்ஸிஜன் நிறைந்திருந்தபோது அதன்மேல் பசை தடவி, நிறத்தை ஒப்பிட்டு, மெருகு போட்டு, கண்ணாடியும் கொடுத்திருக்கிறேன். பதினைந்து வருடம் நின்றதை அரைத்து எடுத்துவிட்டு, மூன்று நாள் நிற்காததை வைத்திருக்கிறேன்.

"இட்லி மேல தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை," என்றேன். "தேதி எழுத வேண்டிய இடத்துல நான் தேதி எழுதலை. செவ்வாய்க்கிழமை தேதி கேட்கவும் இல்லை. இது என்னோட தப்பு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டார்.

"தப்பு யாரு மேலன்னு பொறவு பாத்துக்கிடலாம், டாக்டரம்மா. திங்கக்கிழமைக்குப் பல்லு வேணும். அதச் சொல்லுங்க."

நான் யோசித்ததையெல்லாம் அவர்களிடம் உரக்கவே சொன்னேன். இப்போதே மறுபடி வைக்கலாம். ஏழாம் நாள் என்பது மூன்றாம் நாளைவிட மேல், ஆனாலும் போதாது. எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சீவிவிட்டு, ஃபில்லிங் பிடிக்கும் ஓரத்தை அகலமாக்கினால் பிடிப்புக் கூடும். ஆல்கஹால் கலந்த பசை ஒரு வகை இருக்கிறது. அது இந்த நிலையில் கொஞ்சம் உதவும் என்பார்கள். வைட்டமின் சி-யின் உப்புக் கரைசலைத் தடவினால் தங்கிய ஆக்ஸிஜனை அது முறிக்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் நான் யாருக்கும் செய்து பார்த்ததில்லை.

"வைட்டமின் சி-ன்னா எலுமிச்சம்பழம்தானே? தேச்சுரலாமே?" என்றார் அம்மா.

"கூடவே கூடாது. அந்தப் புளிப்பு எனாமலைத் தின்னுடும்."

எதைச் செய்தாலும் உத்தரவாதம் தர முடியாது என்றேன். கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கடந்த பிறகு வைத்தால் உறுதியாக நிற்கும். ஆனால் அது அவளுக்குப் பயன்படாத உறுதி. இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். போனில் புகார் கேட்கிறவர்களின் பழக்கம் போலும். எதிரில் இருப்பவர் பதற்றமாகப் பேசி முடிக்கும்வரை விட்டுவிட்டு, அதற்குள் வேண்டியதை எடுத்துக்கொள்வது.

"அந்த ஆக்ஸிஜன் தினம் கொஞ்சங்கொஞ்சமா வெளிய போவுதுன்னு சொன்னியல்லா அக்கா?"

"ஆமாம்."

"அப்ப இன்னைக்கு எதுக்கு வைக்கணும்? எவ்வளவு லேட்டா வைக்கமோ அவ்வளவு நல்லது. திங்கக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம். காலையில ஏழு மணிக்கு நீங்க கிளினிக் திறப்பியளா?"

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வழி. தோன்றவில்லை. பரிகாரம் செய்துவிட வேண்டும் என்ற என் அவசரம், காத்திருப்பதையே ஒரு மருந்தாகப் பார்க்கவிடவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு காலையில யாராவது பல்லு டாக்டர்ட்ட போவாளாட்டி?" என்றார் அம்மா.

"பார்லர்காரி எட்டு மணிக்குத்தானே வாரா. அதுக்கு முன்ன சும்மாதானே உக்காந்திருப்பேன்."

திங்கட்கிழமை காலை, நான் குடியிருக்கும் செம்பூரிலிருந்து சயான் வரை ஆட்டோவிலும் அங்கிருந்து டாக்ஸியிலும் வந்து கிளினிக்கைத் திறந்தேன். உதவியாளர் மராத்திக்காரர், ஆறே முக்காலுக்கே வந்து கருவிகளைக் கிருமிநீக்கம் செய்துவைத்திருந்தார். ஏழு மணிக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். தலை அலங்காரம் முந்தின நாளே முடிந்திருந்தது. கொண்டைக்குள் எத்தனை ஊசிகள் என்று தெரியவில்லை; நாற்காலியின் தலைப்பகுதியில் அவளால் சாய முடியவில்லை. துண்டைச் சுருட்டி அவள் கழுத்துக்கு அடியில் கொடுத்து, கொண்டை அந்தரத்தில் நிற்கும்படி அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கிக்கொண்டார். அப்படியே முக்கால் மணி நேரம் நின்றார்.

தொடங்குமுன், "நேத்து அவரைப் பார்த்தேளா?" என்று கேட்டேன். உடைந்த பல்லோடு அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தாள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

"பாத்தேன். கோயில் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாவ. கைய எடுத்துட்டுச் சொல்லிட்டேன் அக்கா. முன்பல்லு உடஞ்சது, சின்னதுலயே உடஞ்சது, நாளைக்கு ஒட்டினாலும் நிக்குமோ நிக்காதோன்னு. தடை இருந்தா சொல்லுங்கன்னு ஊருக்கெல்லாம் ஓலை வாசிக்காவ. எனக்குத் தெரிஞ்சத நானே சொல்லாம இருக்கக் கூடாதுல்லா."

"என்ன சொன்னார்?"

"எட்டு மாசமா கைய வச்சு மறைச்சுக்கிட்டே பேசுனேனே, கவனிக்கலையான்னு கேட்டேன். அவிய ரூம்ல நெட்டு ஸ்லோவாம். என் மூஞ்சி எப்பவும் கட்டங்கட்டமாத்தான் தெரியுமாம். கையா வாயான்னே தெரியாதாம்." சிரிக்கத் தொடங்கிக் கையை வாய்க்குக் கொண்டுபோனாள், அம்மா மேலிருந்து, "ஆடாதட்டி, கொண்ட கலையும்," என்றார்.

"அப்ப பல்லு எதுக்கு?" என்று அம்மாவே தொடர்ந்தார். "நானும் அதத்தான் கேட்டேன். இவ கேக்கலையே."

"அவியளுக்காகவா கேட்டேன்?" என்றாள் அவள். "நான் சொல்லும்போது எனக்குப் பயமில்லாம இருக்கணும்."

அதன் பிறகு அவளால் பேச முடியாது. எனாமலின் மேற்பரப்பைச் சுழலும் தகட்டால் மிக மெல்லியதாகச் சீவினேன். ஓரத்தைச் சாய்வாக அகலப்படுத்தினேன். ஒவ்வொரு படியையும் முதன்முறை செய்கிறவளைப்போலச் செய்தேன். ஆல்கஹால் கலந்த அந்தப் பசையை இருமுறை தேய்த்து, காற்றால் உலர்த்தி, விளக்கை அளவுக்கு மேலேயே காட்டினேன். அடுக்குகளை மெல்லியதாக, மிக மெல்லியதாக வைத்தேன். அட்டையில் அன்றைய தேதியையும், ஜெல் நிறுத்திய தேதியையும், இடையில் ஒன்பது நாள் என்பதையும் எழுதினேன்.

"நிக்குமா அக்கா?"

"தெரியாது. இன்னிக்கு நிக்கும்னு நினைக்கறேன். முன்பல்லால எதையும் தொடாதேங்கோ."

"கேக் ஊட்டுவாவளே."

"பக்கவாட்டுல வாங்கிக்கோங்கோ."

"மாப்பிள்ளைட்டயும் சொல்லி வைக்கேன்," என்றார் அம்மா, உள்ளங்கைகளை உதறிக்கொண்டே. "இடது பக்கமா, வலது பக்கமா?"

அந்த ஃபில்லிங்கை மூன்று வாரம் கழித்துச் சோதித்தேன். தேவைப்பட்டால் எடுத்துவிட்டு முறையாக வைப்பதாகத்தான் பேச்சு. அது அசையவில்லை. ஓரங்களில் இடைவெளி இல்லை. ஒன்பது நாள் அந்தப் பல்லுக்குப் போதுமானதாக இருந்ததா, சீவியது உதவியதா, பசையின் குணமா, எதுவென்று எனக்குத் தெரியாது. நன்றாக நிற்பதை மறுபடி அரைக்க எனக்கு மனமும் வரவில்லை. அது இன்றும் அவளிடம் இருக்கிறது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இவை எதுவும் எனக்குத் தெரியாது.

என்னைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடியும் ஒரு பஞ்சுச் சுருளும் எடுத்துக்கொண்டு போனேன். அவற்றால் கோயிலுக்குள் என்ன செய்துவிட முடியும் என்று யோசிக்கவில்லை. கடைசி வரிசைக்கு முந்தியதில் இடம் கிடைத்தது. மின்விசிறிகளின் சத்தத்துக்கு நடுவே பாட்டு முடிந்தது. வெள்ளைப் புடவையில், முக்காடு தோளில் விழ, அவள் தூரத்தில் நின்றாள். பாதிரியார் சொன்னதும் மாப்பிள்ளை அவளுடைய வலது கையைப் பிடித்தார். பூச்செண்டு இடது கையில் இருந்தது.

அவள் சொன்ன அந்த நேரம் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது: இத்தனை தூரத்திலிருந்து அந்தப் பல்லை என்னால் பார்க்க முடியாது. அது நிற்கிறதா, விழுந்துவிட்டதா என்பதை அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை. கண்ணை விட்டுவிட்டுக் காதால் மட்டும் கவனித்தேன்.

பாதிரியார் ஒரு தொடர் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். மைக் அவளுக்கு எதிரில் இல்லை. ஆனாலும் குரல் கடைசி வரிசை வரை வந்தது. அடுத்த தொடர். அதையும் சொன்னாள். ஒரு சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பொண்ணு சத்தம் என்ன தெளிவா இருக்கு பாத்தியா," என்றாள். "போன்லதானே வேல," என்றாள் மற்றவள்.

கடைசித் தொடரும் முடிந்தது. கைகள் பிரிந்தன. மாப்பிள்ளை குனிந்து ஏதோ சொன்னார். அவள் சிரித்தது தோள் அசைவில் தெரிந்தது. விடுபட்ட வலது கை, முப்பது வருடப் பழக்கத்தில் வாயை நோக்கி எழுந்தது. கன்னத்தின் உயரம் வரை வந்து, அங்கே சற்று நின்றது. பிறகு முக்காட்டின் ஓரத்தைத் தோளில் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது.